நிலவொளியில் ஒரு கிராமம்: வரைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

வானத்தில் நிலா, கீழே நாலைந்து வீடுகள், வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை, ஓரத்தில் ஒரு பெரிய மரம். இரவுக் காட்சி வரைந்து பார்ப்போமே என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தொடங்குவது இந்தப் படத்தில்தான். பார்க்கச் சுலபமாக இருக்கும். பாதி வேலையில் சறுக்கிவிடும். சறுக்குகிற இடங்களும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அந்த இடங்களில் என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே. ஆயில், அக்ரிலிக், வாட்டர்கலர் மூன்றுக்கும் இவை பொருந்தும். மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இரவுதானே என்று கறுப்பு அடித்தேன். ஏன் படம் கரி அப்பியது போல இருக்கிறது?

ட்யூபிலிருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசினால் அந்த இடம் இருட்டாகத் தெரியாது, படத்தில் விழுந்த ஓட்டை மாதிரி தெரியும். இருட்டுக்கு ஆழம் வேண்டும். உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது என்று பார்ப்பவர் சந்தேகப்பட வேண்டும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கலந்து பாருங்கள். கறுப்புக்கு மிக அருகில் வரும், ஆனால் உயிரோடு இருக்கும். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த இருட்டு, பழுப்பு தூக்கலாக இருந்தால் வெதுவெதுப்பான இருட்டு. தூரத்து மரங்களுக்கு முதல் வகை, பக்கத்தில் இருக்கும் மண்ணுக்கும் வாசலுக்கும் இரண்டாவது வகை. இந்த ஒரு வித்தியாசத்திலேயே படத்துக்குள் காற்று புகுந்துவிடும்.

இன்னொன்று. நிலா காயும் இரவு நாம் நினைக்கிற அளவுக்குக் கறுப்பு கிடையாது. பௌர்ணமியன்று வெட்டவெளியில் நின்றால் பாதை தெரியும், எதிரே வருவது ஆள் என்று தெரியும், யார் என்றுதான் தெரியாது. படத்தின் பெரும்பகுதி இந்த நடுத்தர இருளில் இருக்க வேண்டும். அடர்ந்த இருட்டை மரத்தடிக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் மட்டும் ஒதுக்குங்கள்.

நிலவொளி உண்மையிலேயே நீல நிறமா?

இல்லை. நிலா தருவது சூரிய ஒளியின் எதிரொளிப்புதான். நேர் வெயிலோடு ஒப்பிட்டால் அது மஞ்சள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. நிலாவின் தரையும் வெள்ளை இல்லை. மேலே விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிய வானத்தின் பக்கத்தில் இருப்பதால்தான் அது நமக்கு வெள்ளித்தட்டு.

நீலம் நம் கண்ணின் வேலை. விழித்திரையில் இருவகைச் செல்கள் உண்டு. நிறம் பிரித்துச் சொல்லும் கூம்புச் செல்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். மங்கலில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. அவை நீலப்பச்சைப் பக்கத்து ஒளிக்கு (சுமார் 507 நானோமீட்டர்) அதிகம் மசியும், சிவப்பை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. பொழுது சாயும்போது சிவப்புப் பூ முதலில் கறுத்துப்போவதும், அதன் இலை மட்டும் வெளிறித் தெரிவதும் இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னவர் பொஹீமியா நாட்டு உடலியலாளர் புர்கின்யே. அவர் பெயராலேயே இதைப் புர்கின்யே விளைவு என்கிறார்கள்.

வரைபவருக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, சிவப்பு ஓடு வேய்ந்த கூரையை இரவில் ‘இருண்ட சிவப்பு’ என்று பூசாதீர்கள். அது ஏறக்குறைய கறுப்பாகவும், புல்லும் இலையும் அதைவிட ஒரு படி வெளிறியும் இருக்கட்டும். இரண்டாவதுதான் முக்கியம். கோல் செல்கள் பார்வையின் நட்டநடுப் புள்ளியில் கிடையாது. அதனால் இரவில் எதை உற்றுப் பார்க்கிறோமோ அது நழுவும். வேலியின் ஒவ்வொரு குச்சியும், சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெளிவாகத் தெரிகிற படத்துக்கு எத்தனை நீலம் அடித்தாலும் அது பகல்தான், நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த பகல். என் முதல் இரவுப் படம் அந்த ரகம். கூரையின் ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்திருந்தேன். இரவு வருவது நிறத்தால் பாதி என்றால், விட்டுக்கொடுத்த விவரங்களால் மீதி.

என்னென்ன வண்ணம் வாங்குவது?

ஐந்து போதும்: அல்ட்ராமரைன், பிரஷியன் புளூ, பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், டைட்டானியம் ஒயிட். ஜன்னல் விளக்குக்கு ஒரு ஆரஞ்சு சேர்த்துக்கொள்ளலாம். பிரஷியன் புளூவிடம் எச்சரிக்கையாக இருங்கள். கடுகளவு எடுத்தாலே பேலட் முழுக்கப் பரவி எல்லாவற்றையும் தன் வசம் இழுத்துக்கொள்ளும். வெள்ளையோடு அதை நேராகக் கலந்தால் வருவது நிலவொளி இல்லை, நீச்சல் குளம். துளி அம்பர் சேர்த்து அதன் கொழுப்பை அடக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? வானமா, வீடுகளா?

பென்சிலை எடுங்கள், பிரஷ் அப்புறம். உள்ளங்கை அளவு தாளில் மூன்றே சாயலில் படத்தைப் பிரித்துப் பாருங்கள்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. நிலாவும் அது தொட்ட கூரை விளிம்புகளும் பாதையின் ஒரு பகுதியும் வெளிச்சம். வானமும் திறந்த நிலமும் நடுத்தரம். மரமும் வீட்டின் நிழல் பக்கமும் இருட்டு. இந்த மூன்று திட்டுகளும் சேர்ந்து நன்றாக உட்கார்ந்தால் படம் பிழைக்கும். உட்காராவிட்டால் பிறகு எவ்வளவு மெனக்கெட்டாலும் காப்பாற்ற முடியாது. எனக்கு இந்தச் சின்னத் தாள் வேலைக்கே ஒரு மணி நேரம் ஆகும். கேன்வாஸில் மிச்சப்படுவது அதைவிட அதிகம்.

ஆயிலோ அக்ரிலிக்கோ என்றால் வெள்ளைக் கேன்வாஸில் நேராக இறங்காதீர்கள். சாம்பல் கலந்த பழுப்பை மெல்லியதாக முழுக்கத் தடவிக் காய விடுங்கள். வெள்ளைப் பரப்பின் மேல் எந்த வண்ணமும் இருட்டாகவே தெரியும்; அதனால் பயந்து வெளிச்சமாகப் பூசிவிடுவோம், கடைசியில் பகலாகிவிடும். பழுப்புத் தரையில் அந்த ஏமாற்று இல்லை. வாட்டர்கலரில் கதை தலைகீழ். தாளின் வெள்ளைதான் அங்கே நிலா. அதை மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் தாளில் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) வைத்தோ, கவனமாகச் சுற்றிப் பூசியோ முதலிலேயே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

காய்ந்தபின் நிறம் மாறுவதையும் கணக்கில் வையுங்கள். அக்ரிலிக் காயும்போது ஒரு படி இருளும். வாட்டர்கலர் ஒரு படி வெளிறும். பகல் காட்சியில் இது பெரிதாகத் தெரியாது. எல்லாச் சாயலும் நெருங்கி நிற்கிற இரவுக் காட்சியில் அந்த ஒரு படிதான் வீட்டுக்கும் வானத்துக்கும் இருந்த இடைவெளியே.

நிலாவை எவ்வளவு பெரிதாக வரையலாம்?

வானத்தில் நிலாவின் குறுக்களவு சுமார் அரை டிகிரி. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு டிகிரி. நிலா அதில் பாதிதான். நம்ப மாட்டீர்கள், அடுத்த பௌர்ணமிக்குப் பிடித்துப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் அகலக் கேன்வாஸில் 60 டிகிரி அகலமான காட்சியை வரைந்தால், நிலா அரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

அப்படியே வரைந்தால் சப்பென்று இருக்கும், உண்மைதான். தொடுவானத்தில் எழும் நிலா பெரிதாகத் தோன்றுவது மனத்தின் மயக்கம். அந்த மயக்கத்தையும் வரையத்தானே உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு மூன்று மடங்கு வரை பெரிதாக்கலாம். கூரையளவுக்கு நிலா வைத்தால் அது வாழ்த்து அட்டை. அதில் தப்பு என்று சொல்லவில்லை, நீங்கள் வரைய நினைத்தது அதுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலா மின்னவே மாட்டேன் என்கிறது. வெள்ளையை மேலும் மேலும் வைக்கிறேன்.

வைப்பதை நிறுத்துங்கள். உங்களிடமுள்ள மிகச் சிறந்த வெள்ளை, மிகக் கரிய வண்ணத்தைவிடச் சில பத்து மடங்கு மட்டுமே வெளிச்சமானது. நிஜத்தில் நிலாவுக்கும் மரத்தடி இருட்டுக்கும் உள்ள இடைவெளி அதையெல்லாம் தாண்டி எங்கோ இருக்கிறது. பெயின்டால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. சுற்றியிருப்பதை இறக்கித்தான் நிலாவை ஏற்ற வேண்டும்.

நான் செய்வது இது. நிலா இருக்கப்போகும் இடத்தைச் சுற்றி வானத்தை ஒரு படி வெளிறவிட்டு, அதிலிருந்து வெளியே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இருளவிடுகிறேன். ஈரம் காயும் முன் உலர்ந்த மெத்தென்ற பிரஷால் அந்த எல்லையை வட்டமாக லேசாக வருடுவேன். பிறகு நிலா. தூய வெள்ளை இல்லை, துளி ஓக்கர் கலந்தது. ஒரு பக்க விளிம்பு கூர்மையாக, மறுபக்கம் வானத்தோடு கரைந்து. முழு வட்டத்தையும் காம்பஸ் வைத்த மாதிரி வெட்டி எடுத்தால் ஒட்டிவைத்த பொட்டாகிவிடும். கடைசியாக, படத்தில் வேறு எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் போய் அதைக் குறையுங்கள். சுவரில் நீங்கள் ஆசையாக வைத்த வெள்ளைதான் பெரும்பாலும் நிலாவை அமுக்குகிறது.

நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும்?

அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். நிலா படத்துக்குள் தெரிகிறது என்றால் அது வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். அப்போது நம்மைப் பார்க்கும் சுவர்கள் இருட்டில்தான் இருக்கும். கூரையின் மேல் விளிம்பு மட்டும் வெள்ளிக்கோடாக மின்னும். நிழல்கள் நம் பக்கம் நீளும். ஆனால் பலர் வானத்தில் நிலாவையும் வைத்து, முன்சுவரையும் பளபளவென்று பூசிவிடுவார்கள். பார்ப்பவருக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

வெளிச்சமான சுவர் உங்களுக்கு வேண்டுமென்றால் நிலாவைச் சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். ஒரு சுவர் ஒளியில், அடுத்த சுவர் நிழலில், நடுவே மூலை கத்தி போல நிற்கும். எனக்குப் பிடித்த அமைப்பு இது. நிலவொளிப் படத்தில் நிலா இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நிழலின் விளிம்பு மங்கலாக இருக்குமா என்றும் கேட்பார்கள். சூரியனும் நிலாவும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் நிலா நிழலும் வெயில் நிழல் மாதிரியே விளிம்பு கட்டியதுதான். மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் நம் கண். ஆகவே நிழலின் உருவத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, விளிம்பை மட்டும் இங்கொன்று அங்கொன்றாகத் தொலைத்துவிடுங்கள்.

பௌர்ணமி வேண்டாம், பிறை வரையலாமா?

தாராளமாக. ஆனால் பிறைக்கு நேரம் உண்டு. வளர்பிறையின் மெல்லிய கீற்று சூரியன் மறைந்த பின் மேற்கே தாழ்வாக நிற்கும், சில மணி நேரத்தில் அதுவும் மறையும். தேய்பிறைக் கீற்று விடியலுக்கு முன் கிழக்கே. நள்ளிரவில் உச்சிவானில் மெல்லிய பிறை என்பது நடக்காத காரியம். ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்கும். அதாவது மாலையில் அந்த வளைவு, சூரியன் இறங்கிய பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிறை படகு போலப் படுத்திருக்கும், தள்ளிப் போகப் போக நிமிர்ந்து நிற்கும். பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் வைக்காதீர்கள். அங்கே இருப்பது வெற்றுவானம் இல்லை, நிலாவின் இருண்ட பாதி.

பிறை வெளிச்சத்தில் கிராமம் முழுக்கத் தெரியவும் தெரியாது. பாதி நிலாவே முழு நிலாவில் பத்தில் ஒரு பங்கு அளவு ஒளிதான் தரும், கீற்றைக் கேட்கவே வேண்டாம். பிறை வைத்தால் வீடுகள் நிழலுருவம்தான். காட்சியைத் தாங்குவது அந்தி மிச்சமிருக்கும் வானம்.

நட்சத்திரங்கள்?

முழு நிலாவென்றால் நாலைந்து போதும், அதுவும் நிலாவை விட்டுத் தள்ளி. டூத்பிரஷைத் தட்டி வானமெங்கும் தெளிப்பதற்குக் கை துறுதுறுக்கும். அடக்குங்கள்.

ஜன்னலில் ஒரு விளக்கு வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

கிராமத்து இரவுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை என்பேன். வெளியே குளிர்ந்த ஒளி, உள்ளே ஒரு துளி சூடு; யாரோ விழித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. மனிதரை வரையாமலே மனிதர் வந்துவிடுவார்.

ஒரு சென்டிமீட்டர் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சதுரத்தை முழுக்க மங்கிய ஆரஞ்சில் நிரப்புங்கள், ஓரங்கள் கொஞ்சம் செம்பழுப்பாக. காய்ந்தபின் விளக்கு இருக்கும் மூலையில் மட்டும் வெளிர் மஞ்சள் ஒரு தொடல். அது நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக இருக்கட்டும். குறுக்குக் கம்பியை இருண்ட பழுப்பில் ஒரே இழுப்பு. பிறகு ஜன்னலுக்கு வெளியே சட்டத்தின் கீழ்விளிம்பில் மயிரிழை ஆரஞ்சு; கீழே மண்ணில் சாய்ந்த நாற்கரமாக, ஜன்னலைவிட மூன்று படி மங்கலாக அதே வண்ணம். இந்தக் கடைசி இரண்டையும் விட்டால் அது ஜன்னலில் ஒட்டிய மஞ்சள் தாள்.

ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஜன்னல்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தால் நிலாவுக்கு வேலை இல்லாமல் போய்விடும். பல ஒளிகளை ஒரே படத்தில் மோதவிடாமல் வைப்பது எப்படி என்று பார்க்க, ஜெர்மன் ஓவியர் ஆடம் எல்ஷைமர் 1609இல் வரைந்த ‘எகிப்துக்குத் தப்பியோடுதல்’ ஓவியத்தைப் பாருங்கள். செப்புத் தகட்டில் வரைந்த சின்னப் படம். அகலம் சுமார் 41 சென்டிமீட்டர்தான். அதில் முழு நிலா, நீரில் அதன் பிம்பம், மேய்ப்பர்களின் நெருப்பு, குழந்தை இயேசுவோடு தப்பிப் போகும் யோசேப்பின் கையிலுள்ள தீப்பந்தம், போதாக்குறைக்குப் பால்வீதி வேறு. ஒவ்வொரு ஒளிக்கும் தனி எல்லை உண்டு. நடுவே இருட்டு வேலி போட்டிருக்கிறது.

குளத்தில் நிலா விழுவதை எப்படிக் காட்டுவது?

நீர் அசையாமல் இருந்தால் நிலா தொடுவானத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, பிம்பம் அதே அளவு கீழே, நேர் செங்குத்தாக. கொஞ்சம் அலை இருந்தால் பிம்பம் உடைந்து ஒரு ஒளிப்பாதையாக நம்மை நோக்கி நீளும். அந்தப் பாதை ஒருபோதும் சாய்வாக ஓடாது. நீங்கள் எங்கே நின்றாலும் உங்களை நோக்கியே வரும். தூரத்தில் மெல்லிய நெருக்கமான கோடுகள், பக்கத்தில் வர வரத் தடித்து இடைவெளி விட்ட கோடுகள். அவ்வளவுதான்.

பெரிய ஓவியர்களில் யாரைப் பார்த்துக் கற்கலாம்?

நீலம் இல்லாமல் நிலவு வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 17ஆம் நூற்றாண்டு ஹாலந்துக்காரர் ஆர்ட் வான் டெர் நேரைப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரைக் கிராமங்கள், மேகத்துக்குப் பின்னால் நிலா. பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும்தான், ஆனாலும் இரவு.

அடுத்தவர் அர்கிப் குயின்ஜி. 1876இல் அவர் வரைந்த ‘உக்ரைனிய இரவு’ நம் தலைப்பேதான்: மேட்டில் வெள்ளைச் சுவர் குடிசைகள், நிலவு தொட்ட பக்கம் மட்டும் ஒளிர்கிறது, மற்றதெல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. 1880இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ‘த்னீப்பர் ஆற்றின் மேல் நிலவொளி இரவு’ என்ற ஒரே ஒரு படத்தை இருட்டாக்கிய அறையில், விளக்கொளி படும்படி வைத்துக் கண்காட்சி நடத்தினார். படத்துக்குப் பின்னால் விளக்கு ஒளித்து வைத்திருக்கிறாரா என்று வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள் என்பார்கள். காலப்போக்கில் அந்தப் படம் இருண்டுவிட்டது. அவர் பயன்படுத்திய வண்ணங்கள் நிலைக்கவில்லை.

வான் கோவின் ‘நட்சத்திர இரவு’ (1889) எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது: அடியில் உறங்கும் அந்தக் கிராமம் அவர் ஜன்னலிலிருந்து தெரிந்ததே அல்ல, சேர்த்துக்கொண்டது. உங்கள் படத்திலும் ஒரு வீட்டை நகர்த்த வேண்டுமென்றால் தயங்காதீர்கள்.

போட்டோ பார்த்து வரையலாமா? இருட்டில் உட்கார்ந்து வரைய முடியாதே?

அமைப்புக்கு போட்டோவை வைத்துக்கொள்ளலாம், ஒளிக்கு வேண்டாம். போனின் இரவு மோட் நிழலையெல்லாம் தூக்கிவிடும், நிலாவை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும், நிறங்களையும் காட்டிவிடும். கண் பார்க்கிற இரவு அது இல்லை.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் விஸ்லர் இரவுக் காட்சிகளை நினைவிலிருந்தே வரைந்தார். காட்சியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், முதுகைத் திருப்பிக்கொண்டு உடன் வந்தவரிடம் என்னென்ன எங்கே என்று ஒப்பிப்பார், தப்பினால் மறுபடி பார்ப்பார். நாமும் செய்யலாம். வெளியே போய் 20, 30 நிமிடம் எந்தத் திரையையும் பார்க்காமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள்: வானம் கூரையைவிட வெளிச்சமா, மங்கலா? மரத்துக்கும் சுவருக்கும் நடுவே விளிம்பு தெரிகிறதா? பாதை எந்த இடத்தில் காணாமல் போகிறது? வீட்டுக்கு வந்ததும் அதே சின்னத் தாளில் மூன்று சாயல்.

முடித்த படம் சுவரில் கறுப்புப் பலகை மாதிரி தெரிகிறதே?

இரவுப் படங்களுக்கு இது பிறவிக் குணம். இருண்ட பரப்பு கண்ணாடி மாதிரி எதிரே உள்ள ஜன்னலைக் காட்டும். பளபளப்பு வார்னிஷைத் தவிர்த்து மேட் (பளபளப்பே இல்லாதது) அல்லது சாட்டின் (லேசான பளபளப்பு) பூசுங்கள். ஆயிலில் காயும்போது சில இடங்கள் மங்கிச் சோர்ந்துபோயிருக்கும், வார்னிஷ் அதையும் சமப்படுத்தும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டி, மேலிருந்து சாய்வாக ஒரு வெளிச்சம் கொடுங்கள். வரையும்போதே பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, மாலையில் வீட்டு விளக்கில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. போட்டோ எடுக்கும்போது போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும். திரையில் தொட்டு அதைக் கீழே இறக்கிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் நீங்கள் பாடுபட்டு வரவழைத்த இரவு மாலை ஆறு மணியாக வந்து நிற்கும்.